ஏற்காட்டில் எடுத்த பூ

காரணம் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எங்கும் கூட்டிப் போனதில்லை. சேலத்துக்குப் போனால் பல் பிடுங்க, ராசிபுரத்துக்குப் போனால் துணி எடுக்க, நாமக்கல்லுக்குப் போனால் ஆஞ்சநேயருக்கு வேண்டுதல் தீர்க்க. சும்மா சுற்றிப் பார்க்கப் போவது வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்று அப்பா வெளிப்படையாகவே சொல்லுவார். அப்படிப்பட்ட அப்பா ஒரு நாள் ராத்திரி சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நாளைக்கு ஏற்காடு போலாமா சாமி?" என்று என்னைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் வீடு. எனக்கு வயசுக்கு மீறின சந்தேகப் புத்தி என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். வாழைப்பழத்துக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுத்த காலத்திலிருந்தே எந்தப் பழத்தையும் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைக்காத பிள்ளை நான். அப்படி ஆக்கினது யார் என்பதை மட்டும் அம்மா சொல்லமாட்டாள்.

இந்த முறை என் சந்தேகத்துக்கு வலுவான ஆதாரமும் இருந்தது. முந்தைய வருடம் பெரியப்பா தன் மகனைக் கொல்லிமலை அருவியில் குளிக்க வைப்பதாகச் சொல்லிக் கூட்டிப் போனார். அண்ணனும் துண்டு, டவுசர் எல்லாம் எடுத்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு காரில் ஏறினான். கார் அருவிக்குப் போகவில்லை. நாமக்கல் பக்கத்தில் பெரிய மதில் போட்ட ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. டிக்கியைத் திறந்தால் உள்ளே புது வாளி, புதுத் தட்டு, புதுத் தகரப் பெட்டி. அழுதவனை வாட்ச்மேன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாராம். பொங்கலுக்கு வந்தபோது அண்ணன் ஒட்ட முடி வெட்டியிருந்தான். யாரும் எழுப்பாமலே விடியுமுன் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து படித்தான். என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தனியே கூப்பிட்டு ஒரே ஒரு புத்திமதி சொன்னான். "எங்கியாச்சும் சுத்திக் காட்டறேன்னு சொன்னாங்கன்னா மொதல்ல டிக்கியப் பாரு."

காலையில் பெரியப்பாவின் கார் வாசலில் வந்து நின்றதும் நான் டிக்கியைத்தான் பார்த்தேன். புது வாளி இருந்தது. சிவப்புக் கலர். அதற்குள் புது எவர்சில்வர் தட்டு. மடிப்புக் கலையாத துண்டு. ஒரு சொம்பு. தகரப் பெட்டி மட்டும் இல்லை. அதை அங்கே போய் வாங்கிக்கொள்வார்களாயிருக்கும் என்று நினைத்தேன். 

அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. போகவேண்டாம் என்று அம்மாவே சொன்னாள். காய்ச்சல் அடித்தால்கூடக் கஷாயத்தை ஊற்றி அனுப்பிவைக்கிறவள். தீபாவளிக்கு எடுத்த பாவாடை சட்டையைப் போட்டுவிட்டாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தாள். "எதுக்கும்மா போறோம்?" என்று கேட்டதற்கு, "சும்மா சுத்திப் பாக்கத்தான்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் விட அத்தை வந்ததுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன இரண்டாம் வருடமே மாமா இறந்துபோக, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். எனக்குச் சடை பின்னுவது, வீட்டுப்பாடம் எழுத வைப்பது, ராத்திரி பக்கத்தில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் அத்தைதான். நல்ல காரியத்துக்கு யாராவது கிளம்பினால் எதிரில் வந்துவிடக் கூடாது என்று தானாகவே சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். எந்தக் கல்யாணத்துக்கும், எந்தக் கோயில் நோம்பிக்கும் வந்தது கிடையாது. அந்த அத்தையை அன்றைக்கு அம்மா வற்புறுத்திச் சேலை மாற்ற வைத்துக் காரில் ஏற்றினாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஹாஸ்டல் வாசலில் நான் அழுது புரண்டால் சமாதானப்படுத்த இந்த வீட்டில் அத்தையால் மட்டும்தான் முடியும். அதற்காகத்தான் கூட்டி வருகிறார்கள். அத்தையும் இதில் கூட்டு.

காரில் அத்தையின் மடியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அத்தை கையை நீட்டி என் சடையைச் சரிசெய்துவிட்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

அஸ்தம்பட்டியில் காரை நிறுத்தச் சொல்லி அப்பா இறங்கிப் பூ வாங்கினார். மல்லி இல்லை, கனகாம்பரம் இல்லை. அரளி. வெள்ளையில் கொஞ்சம், சிவப்பில் கொஞ்சம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அரளிப் பூ எதற்கு? கொண்டப்பநாயக்கன்பட்டியில் டீ குடித்துவிட்டு மலை ஏற ஆரம்பித்தோம். வாந்தி வராமலிருக்க அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்துகொண்டே வரச் சொன்னாள். நான் பழத்தை மோந்துகொண்டே வழியை மனப்பாடம் பண்ணினேன். இந்த வளைவில் மஞ்சள் பாறை, அடுத்ததில் குரங்குகள் உட்கார்ந்த சுவர், அதற்கடுத்ததில் மூங்கில் புதர். ஹாஸ்டலிலிருந்து தப்பித்து ஓடி வரும்போது வழி தெரியவேண்டுமே. மேலே போகப்போக வளைவுகளெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன. கீழே சேலம் பஞ்சு மூட்டை பிரிந்து கிடப்பது போலத் தெரிந்தது.

ஏற்காட்டுக்குள் நுழைந்ததும் இருக்கிற கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. அந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லாத தெருவே இல்லை போலிருந்தது. பெரிய பெரிய கேட்டுகள். உள்ளே உயரமான மரங்கள். சின்னப் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டு வரிசையாக நடந்துபோனார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கேட்டுக்கு முன்னால் பெரியப்பா காரை ஓரங்கட்டினார். நான் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கிப் போய்ப் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு வந்தார். நோட்டம் பார்த்துவிட்டு வருகிறார் என்று முடிவு செய்தேன்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருந்தார். அந்த வண்டிகள் எங்கோ வடநாட்டில் ஓடிக்கொண்டிருக்க, இவர் வெள்ளைச் சட்டையும் செல்போனுமாக இங்கிருந்தே ஆளை ஏவுவார். ஊர்ப் பஞ்சாயத்து எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. அவர் சத்தம் போட்டால் பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்து நகர்ந்துவிடும். அப்பா அவருக்கு நேரெதிர். நாலு தறியும் கொஞ்சம் பூமியும் வைத்துக்கொண்டு, அண்ணன் சொன்னால் சரி என்று இருப்பவர். அண்ணனை எதிர்த்து அப்பா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அதை ஏரியில் கேட்டேன். பெடல் படகில் அப்பாவும் பெரியப்பாவும் மிதிக்க, பின்னால் நான். அம்மாவும் அத்தையும் கரையிலேயே நின்றுவிட்டார்கள். நடு ஏரிக்குப் போனதும் பெரியப்பா மிதிப்பதை நிறுத்தினார்.

"என்ற மனசுல இருக்கறத சொல்லிப்போட்டேன். நம்மூட்டுல பொம்பளப்புள்ளைய இப்பிடி அனுப்பிச்ச பழக்கமே கெடையாது. நாளைக்கு பங்காளிக நாலு விதமாப் பேசுவாங்க. நாந்தான் பதில் சொல்லோணும்."

அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அது வாழ்க்கைய நெனச்சுப் பாருங்ணா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாமிகிட்டக் கேட்டுரலாம். வேண்டாம்னு வந்துச்சுன்னா உட்டுரலாமுங்" என்றார்.

"சாமி சொல்லிருச்சுன்னா நாங் குறுக்க நிக்கமாட்டேன்" என்று பெரியப்பா மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

எனக்கு எல்லாம் துலங்கிவிட்டது. என்னை அனுப்ப நினைப்பது அப்பா. தடுப்பது பெரியப்பா. தன் மகனை ஏமாற்றிக் கொண்டுபோய் விட்டவருக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது. அதிலும் நான் பெண்பிள்ளை என்பதால் மனசு கேட்கவில்லை. இந்த உலகத்தில் எனக்கு இருக்கிற ஒரே துணை பெரியப்பாதான் என்று அந்தப் படகில் எனக்குத் தோன்றியது. அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த வெள்ளைச் சட்டை மேல் அன்றைக்குப் போல எனக்கு என்றும் பாசம் வந்ததில்லை.

பிறகு ஊரைச் சுற்றினோம். மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தார்கள். கேட்காமலே ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்கள். பலி கொடுக்கிற ஆட்டுக்கு மாலை போடுவார்கள் இல்லையா, அந்த ஞாபகம்தான் வந்தது. பள்ளத்தாக்கு தெரிகிற ஓர் இடத்தில் ஒரு ஆள் தொலைநோக்கி வைத்துக்கொண்டு காசு வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்க்கச் சொல்லி அம்மா முன்னால் தள்ளினாள். அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"நம்மூடு தெரியுதாங்க அத்தை?" என்று கேட்டேன். கோபத்தில் இருந்தாலும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தெரியில சாமி. எங்கியோ அங்கதான் இருக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை. பஜ்ஜியைக் கையில் வைத்திருந்து கடைசியில் குரங்குக்குப் போட்டுவிட்டாள்.

மதியத்துக்கு மேல் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலை உச்சியில் மரமே இல்லாத பெரிய புல்வெளி. அதன் ஓரத்தில் குகைக்குள் சாமி. குனிந்துதான் உள்ளே போகவேண்டும். காற்று ஆளைத் தள்ளியது. டிக்கியிலிருந்து அம்மா புது வாளியை எடுத்து அதற்குள் தேங்காய் பழத்தைப் போட்டாள். தட்டையும் துண்டையும் எடுத்துக்கொண்டாள். வாளி கோயிலுக்கா என்று ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே அப்பாவைப் பார்த்துவிட்டேன். அவர் காருக்கு அந்தப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரளிப் பூக்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூப்போட்டுப் பார்ப்பார்கள். கிணறு வெட்டுவதானாலும் சரி, சம்பந்தம் பேசுவதானாலும் சரி. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலத்திலும் மடித்து, வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாதபடி சாமிக்கு முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதித்துவிட்டது. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடவேண்டும். எதற்காக எடுக்கிறோம் என்பது எடுக்கிற குழந்தைக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கை பொய் சொல்லும் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் போர் போட்டபோது அண்ணன் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

என்னை ஹாஸ்டலில் விடலாமா என்று சாமியிடம் கேட்கப்போகிறார்கள். அதை என் கையாலேயே எடுக்க வைக்கப்போகிறார்கள். இந்த அக்கிரமத்தை எங்கேயாவது கேட்டதுண்டா?

குகைக்குள் எண்ணெய் விளக்கு மட்டும். பூசாரி பொட்டலங்களை வாங்கிச் சாமி காலடியில் போட்டார். இரண்டும் நாளிதழ்க் காகிதம், ஒரே நூல். பெரியப்பா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் குனிந்தபடி நின்றார்கள். அம்மா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அத்தை உள்ளே வரவில்லை. குகை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

"சாமிய நெனச்சுட்டு ஒண்ண எடு கண்ணு" என்றார் பூசாரி.

சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று சாமியிடம் கெஞ்சினேன். முதல் பொட்டலத்தின் மேல் கையை வைத்தேன். எல்லோரும் மூச்சை இழுத்தது கேட்டது. சட்டென்று கையை மாற்றி அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி நூலைப் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார்.

வெள்ளை.

நான் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மாவும் அழுதாள். "கொழந்தைக்கே மனசு எளகிப் போச்சு பாருங்க" என்று பூசாரி என் நெற்றியில் திருநீறு பூசினார். பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "செரி. சாமி சொல்லிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் குனிந்து வெளியே போனார்.

பிரிக்காத பொட்டலத்தைப் பூசாரி என் கையில் கொடுத்து, வெளியே கால்படாத இடத்தில் போட்டுவிட்டு வரச் சொன்னார். பிரிக்கக் கூடாது என்றும் சொன்னார். "குடு, நாம் போட்டுக்கறேன்" என்று அப்பா வேகமாகக் கையை நீட்டினார். அதற்குள் பூசாரி அவர் தலையில் கையை வைத்து ஏதோ சொல்லி ஆசீர்வதிக்கத் தொடங்க, அப்பாவால் நகர முடியவில்லை. அப்பா நீட்டின கையில் ஒரு பதற்றம் இருந்தது. வாழைப்பழத்தைக் கொடுக்கும்போது அம்மாவின் கையில் இருக்கும் அதே பதற்றம்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே ஓடிப்போய்க் கோயில் சுவருக்குப் பின்னால் நின்று பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தேன். உள்ளே வெள்ளை அரளி. ஒரு சிவப்பு இதழ்கூடக் கிடையாது.

அப்பா சாமியையே ஏமாற்றிவிட்டார். நான் எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். என்னை அனுப்பியே தீருவது என்று முடிவு செய்துவிட்டு இத்தனை நாடகமும் ஆடியிருக்கிறார். அழுகை நின்று கோபம் வந்தது. இதைச் சொல்லவேண்டிய ஆள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரியப்பா புல்வெளியின் ஓரத்தில், மலை இறங்குகிற விளிம்புக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் காகிதத்தை விரித்துக் காட்டினேன்.

"பெரியப்பா, இதுலயும் வெள்ளதானுங்க. ரெண்டுமே வெள்ளதானுங்க. அப்பா ஏமாத்திப்போட்டாருங்க."

அவர் பூவைப் பார்த்தார். குனிந்து ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். அப்பா குகையிலிருந்து வெளியே வந்து, வந்த இடத்திலேயே நின்றுவிட்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கு ரெண்டடி தள்ளி அத்தை. அவளுக்கு நான் என்ன சொல்கிறேன் என்பது காற்றில் கேட்டிருக்காது. ஆனால் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக் கசக்கி, பூவோடு சேர்த்துப் பள்ளத்துப் பக்கம் வீசினார். காற்று அதைக் கீழே கொண்டுபோனது. பிறகு ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"செவப்புதான் இருக்குது. நல்லாச் செவச்செவன்னு இருக்குது. இந்தப் புள்ளைக்குக் கண்ணுல ஏதோ கோளாறாட்ட இருக்குதப்பா. போறப்ப டாக்டருகிட்டக் காட்டோணும்."

அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் காருக்கு நடந்தார்கள். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் ஒரே துணையும் கைவிட்டுவிட்டது.

விஷயம் என்னைப் பற்றியதே அல்ல என்பது எனக்குத் தெரிய வருவதற்குப் பல வருஷங்கள் ஆயின. பவானிப் பக்கம் மனைவியை இழந்த ஒருவர், அப்பாவுக்குத் தறி சம்பந்தமாகப் பழக்கமானவர், அத்தையைக் கேட்டிருந்தார். அத்தைக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. தாலி அறுத்த பெண்ணுக்கு மறுபடி கட்டிக்கொடுப்பது எங்கள் வகையறாவில் நடந்திராத காரியம். அதனால்தான் குலதெய்வக் கோயிலில் வைத்துக் கேட்கவில்லை; அங்கே பூசாரியே பங்காளி, பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று மலைக்கு வந்தது அதற்காக. அப்பாவுக்கு அண்ணனை எதிர்த்துச் சரி என்று சொல்லத் தைரியம் இல்லை. அதனால் சாமி வாயால் சொல்ல வைத்தார். பெரியப்பாவுக்கோ ஊரை எதிர்த்துச் சரி என்று சொல்ல முடியவில்லை. அத்தைக்கு முதல் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவரே அவர்தான். அவருடைய ரிக் வண்டிக்கு மேனேஜராகப் போன இடத்தில்தான் லாரி கவிழ்ந்து மாமா இறந்துபோனார். பெரியப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அருவிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னதைச் சேர்க்காமல். அப்பாவும் பெரியப்பாவும் அந்தப் பூவைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது. சாமியே சம்மதித்ததாகத்தான் அத்தை இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். நானும் அவளிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள் என்பதுதான். மலை இறங்கும்போது வழியை மனப்பாடம் பண்ணக்கூடத் தெம்பில்லை.

பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். நேராக அஸ்தம்பட்டியில் ஒரு கண் டாக்டர் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினார். அம்மா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்தார். எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கலர் கலராக அட்டைகளைக் காட்டி ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று கேட்டார். ஹாஸ்டலில் சேர்க்குமுன் உடம்பைப் பரிசோதிப்பார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தான். வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்று ஓர் ஆசை வந்தது. ஆனால் சிவப்பு அட்டையைக் காட்டியபோது பெரியப்பாவைப் பார்த்துக்கொண்டே, "செவப்பு" என்று அழுத்தமாகச் சொன்னேன். வெள்ளையைக் காட்டியபோது இன்னும் அழுத்தமாக, "வெள்ள" என்றேன்.

"பாப்பாவுக்குக் கண்ணு ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்குதுங்களா?" என்று பெரியப்பா தலையைச் சொறிந்தார். "அப்ப மேல வெயிலு கண்ணக் கூசியிருக்கும். எதுக்கும் சொட்டு மருந்து ஒண்ணு எழுதிக் குடுத்துருங்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். என்னை எங்கேயும் விடாமல் திருப்பிக் கூட்டி வந்தது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நாளைக்குக் காலையில் கூட்டிப் போவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் பேசாமல் உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. கூடத்தில் பெரியப்பா அப்பாவை எதற்கோ திட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஆமாங்ணா, ஆமாங்ணா என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் குரலும் சந்தோஷமாக இருப்பது போல் பட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அத்தை தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எந்திரிச்சு ஒரு வாய் வாங்கிக்க சாமி" என்றாள்.

"என்னைய ஆஸ்டல்ல உடப்போறீங்க. எனக்குத் தெரியும். நீங்களுந்தான் அதுக்குக் கூட்டு" என்றேன். சொன்னவுடன் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்துவிட்டது. வாளி, தட்டு, துண்டு, படகில் கேட்ட பேச்சு, கண் டாக்டர் எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னேன். பூவை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மறுபடி சொட்டு மருந்து விடுவார்கள் என்று பயம்.

அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வயிறு மட்டும் குலுங்கியது.

"நீ எங்கயும் போகமாட்டே சாமி. நாந்தான் போறேன்" என்றாள்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. என் மேலிருந்து ஒரு பெரிய கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. அதற்கடுத்த நிமிஷமே அத்தைக்காகப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரியவளைக்கூட விடமாட்டேன் என்கிறார்களே. அதனால்தான் பாவம், நாளெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். தட்டிலிருந்த சோற்றை அள்ளி ஒரு வாய் அவளுக்கு ஊட்டிவிட்டேன்.

பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, "எந்த ஆஸ்டலுக்குங்க அத்தை?" என்று கேட்டேன்.